ஒரம்பரை மேகம்

மேகம் வந்து இரண்டு நாளாகியும் தெருமுனையை விட்டு நகரவில்லை. குடிநீர்த் தொட்டிக்கும் பிள்ளையார் கோவிலுக்கும் நடுவில், மருதம் நகர் தொடங்குகிற இடத்தில் நின்றது. கல்யாண வீட்டு வாசலில், யாராவது வந்து கையைப் பிடித்து அழைக்கட்டும் என்று செருப்பைக் கழற்றாமல் நிற்பாரே தாய்மாமன், அந்த நிற்பு. நல்ல கனத்த மேகம். அடிவயிறு கத்தரிக்காய் நிறம். அதன் நிழல் இஸ்திரி வண்டியோடு முடிந்துவிட்டது. வண்டிக்கு இந்தப் பக்கம் பங்குனி வெயில் மொட்டை மாடிகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது.

கோவைப் பக்கத்தில் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களை ஒரம்பரை என்பார்கள். மேகத்தையும் இப்போது அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒரம்பரை மொகம் கோணி நிக்குது. யாரு என்ன பேசினீங்களோ, உண்மையச் சொல்லிப்போடுங்க," என்றார் நாச்சிமுத்து. பம்ப்செட் உதிரிபாகக் கடைக்காரர். மருதம் நகர் மாடித் தோட்டச் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

"யாரும் ஒண்ணும் பேசலை. நேத்து நீங்க வெச்ச ஃப்ளெக்ஸப் பாத்துட்டுத்தான் அது பின்னாடி போச்சு," என்றாள் எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சர். "உங்க படம் ஆறடி. மேகத்தோட படம் ஒரு மூலையில ஸ்டாம்பு சைஸ்ல. எனக்கே கோவம் வந்துச்சு. மேகத்துக்கு வராதா?"

"வரவேக்கறது யாருன்னு அதுக்குத் தெரிய வேண்டாமுங்களா டீச்சர்?"

கூட்டம் சுலோச்சனாவின் மாடியில் நடந்தது. எந்தக் கூட்டமும் அங்கேதான் நடக்கும். செடிப்பைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சுலோச்சனா மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்துவுக்கு இரண்டாவது தம்ளர் நீட்டியபோது, "இன்னும் கொஞ்சம் குடிங்கண்ணா, வெய்யில்ல வந்திருக்கீங்க," என்றாள். அந்தக் குரலுக்காகவே இன்னும் இரண்டு தம்ளர் குடிக்கலாம் என்று ஊரில் பேர்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. மார்கழியும் தையும் குளிர்ந்தன. ஈரம் மட்டும் இல்லை. பனி இறங்காத, உதட்டை வெடிக்க வைக்கிற வறட்டுக் குளிர். லாரித் தண்ணீரில் குளித்த நீரைப் பிடித்து வைத்து வெண்டைக்கு ஊற்றினார்கள். அரிசி கழுவிய நீருக்குக் கணவனும் மனைவியும் சண்டை போட்டார்கள், ரோஜாவுக்கா தக்காளிக்கா என்று. ஜெசிந்தாவின் ஆந்தூரியம் எல்லாம் காய்ந்த அப்பளமாகிவிட்டது. மாசி முடிந்து வேப்பம்பூ உதிரத் தொடங்கியதும் எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கோடை மழை, இடியோடு காற்றோடு ஒரே ஒரு மழை வந்தால் வேரில் உயிர் ஊறிவிடும். அந்த மழைதான் இப்போது இஸ்திரி வண்டிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

மேக வழிகாட்டு மையத்திலிருந்து அஃப்ரீன் என்ற பெண் வந்திருந்தாள். வயது இருபத்தைந்துக்குள். வந்ததும் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாள்.

"முன்னாடி எங்க வேணும்னு தோணுதோ அங்க நாங்களே மழைய எறக்கினோம். அதுக்கு எத்தனை சண்டை, எத்தனை கேஸு. அப்புறம்தான் முடிவை மேகத்துக்கிட்டயே விட்டாங்க. உள்ள தூவற பொடி இருக்கில்ல சார், ஒவ்வொரு துகளும் கொஞ்சூண்டு யோசிக்கும். எல்லாம் சேந்தா ஒரு ஆள் மாதிரி யோசிக்கும். அதுக்கு நாங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். மனசாரக் கூப்புடற எடத்துல போய்ப் பெய்."

"மனசாரன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் சுலோச்சனாவின் கணவர் தண்டபாணி.

"வாசல் கேமராவுல இருந்துதான் அங்கிள். விருந்தாளி வந்தா இந்த ஊர்ல எப்படிக் கூப்புடறாங்கன்னு, பதிவானதை எல்லாம் அதுக்குப் போட்டுக் காட்டினோம். அதனாலதான் அது மொதல்ல வேண்டாம் வேண்டாம்னு பின்னாடி போகும். நாம விடாமக் கூப்புடணும். இதெல்லாம் நாங்க சொல்லித் தரலை. அதாவே கத்துக்கிச்சு."

"நேத்துத் தொண்டை வத்தற வரைக்கும் கூப்புட்டமேங்க," என்றார் நாச்சிமுத்து.

அஃப்ரீன் தம்ளரைக் கீழே வைத்தாள். "விருந்தாளி போன பின்னாடி, கதவைச் சாத்திட்டு உள்ள என்ன பேசறோமோ, அதுவும் பதிவாயிருக்கு சார். அந்த மைக் சமையலறை வரைக்கும் எடுக்கும். வாசல்ல சொன்னதையும் உள்ள சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான், எது மனசாரங்கறதை அது புரிஞ்சுக்கிச்சு."

ஒவ்வொருவரும் தங்கள் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது முகத்தில் தெரிந்தது. நாச்சிமுத்து ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா காய்ந்த வெண்டைச் செடியைப் பார்த்தாள்.

"இப்பவும் கேக்குதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"கேக்குது சார்."

"அப்ப அந்தக் கேமராவக் கழட்டி வீசிப்போட்டா என்ன?"

"கழட்டின வீட்டைப் பூட்டின வீடுன்னு எடுத்துக்கும். தெருவுல பூட்டின வீடு நாலு இருந்தா ஏதோ சாவு விழுந்திருக்குன்னு நெனச்சு ஒதுங்கிப் போயிரும்."

அதோடு விடவில்லை அவள். பக்கத்துக் காலனியில் போன கோடையில் மேகம் நன்றாகத்தான் பெய்தது. பெய்து முடித்தபின் ஒருவர் குளியலறைக்குள் நின்று, 'பைக்கெல்லாம் சேறாக்கிட்டுப் போயிருச்சு சனியன்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் காலனியை எந்த மேகமும் எட்டிப் பார்க்கவில்லை. மேகங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளுமாம்.

அன்று மாலையே சங்கம் ஒரு விதி போட்டது. வீட்டுக்குள் யாரும் மழையைப் பற்றியோ விருந்தாளிகளைப் பற்றியோ குறை சொல்லிப் பேசக் கூடாது. கூட்டம் கலைந்தபோது எல்லோரும் ஒருவருக்கொருவர் அளவுக்கு மீறிய மரியாதையோடு விடைபெற்றுக்கொண்டார்கள்.

அஃப்ரீன் மட்டும் போகவில்லை. சுலோச்சனா தம்ளர்களைப் பொறுக்குவதற்கு உதவுவது போலப் பக்கத்தில் வந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"இந்தப் பக்கம் சுத்தற மேகமெல்லாம் முக்காவாசி கத்துக்கிட்டது உங்க வாசல்லதான்."

"எங்க வாசல்லயா? இதென்ன அரண்மனையா?"

"உங்க வீட்டுக்கு வர்ற அளவுக்கு எந்த வீட்டுக்கும் ஆள் வரலை. நீங்க கூப்புடற மாதிரியும் யாரும் கூப்புடறதில்லை. அந்தச் சிரிப்பு, 'ஏன் இத்தன நாளா வரலை'ன்னு கோவிச்சுக்கறது, பையக் கையில இருந்து புடுங்கி உள்ள வெக்கறது. வரவேற்புன்னா எப்படி இருக்கணும்னு மையத்துல உங்களைத்தான் ஆன்ட்டி காட்டுவோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சமையலறைப் பேச்சுலயும் உங்களுதுதான் அதிகம்."

சுலோச்சனாவுக்குக் காது மடல் சுட்டது.

"நீயும் கேட்டயா?"

"வேலையே அதுதானே. ஆபீஸ்ல எல்லாருக்கும் உங்களைப் புடிக்கும். குக்கர் சத்தத்தோட சேத்துத் திட்டுவீங்களே, அது தனி அழகு." கேலியில்லாமல்தான் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காத்து திரும்புது ஆன்ட்டி. அதுக்குள்ள கூப்புடலைன்னா மேகம் பொள்ளாச்சிப் பக்கம் போயிரும். தோப்புக்காரங்க எளநி வெட்டி வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. இந்தக் கோடைக்கு இதை விட்டா வேற மேகம் கெடையாது. மத்தவங்க பேச்சை அது நம்புதோ இல்லையோ, உங்களை அதுக்குத் தெரியும். நீங்க மனசாரக் கூப்புட்டா வரும். மனசார இல்லைன்னா, யாரு சொல்லாட்டியும் அதுக்குத் தெரிஞ்சுரும்."

பொறுப்பு அப்படித்தான் அவள் தலையில் வந்து விழுந்தது. ஞாயிறு நான்கு மணிக்கு அவள்தான் மாடியேறி மேகத்தை அழைப்பது என்று முடிவானது. போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டைத் தட்டி, "உங்களை நம்பித்தானுங்கக்கா இருக்கறோம்," என்றுவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரையும் அவள் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள்.

தெரு விசித்திரமாகிவிட்டது. வழக்கமாகச் சண்டை கேட்கும் வீடுகளிலிருந்து புகழ்ச்சி கேட்டது. தண்டபாணி காலையில் பல் விளக்கிக்கொண்டே கேமரா இருக்கும் திசையைப் பார்த்து, "மழைன்னா எனக்கு உசுரு. சேறானா என்னங்க, சேறும் ஒரு அழகுதான்," என்று சத்தமாகச் சொன்னார். ஜெசிந்தா வீட்டில் அவளும் அவள் மாமியாரும் ஊமைப் பாஷையில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டதாகவும், மாமியார் இரண்டு கையையும் விரித்துக் காட்டிய ஒரு வசவு தனக்கு இன்னும் அர்த்தமாகவில்லை என்றும் அவளே எழுதிக் காட்டிச் சிரித்தாள்.

சுலோச்சனாவால் சிரிக்க முடியவில்லை. அவளுக்குச் சமையலறை போய்விட்டது.

வெளியில் இருந்து பார்த்தால் அது ஒரு பெரிய இழப்பாகத் தெரியாது. அடுப்பு இருந்தது, பாத்திரம் இருந்தது, அவளும் அங்கேதான் நின்றாள். ஆனால் முப்பது வருஷமாக அந்த நான்கு சுவருக்குள்தான் அவள் தன் குரலில் பேசியிருக்கிறாள். வாசலில் பேசுகிறவள் வேறு யாரோ. அவளை சுலோச்சனா கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பாள், நன்றாக வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பார்ப்பது போல. விருந்தாளியைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, கதவைச் சாத்தி, புளியைக் கரைக்கிறபோதோ சட்டியைத் தேய்க்கிறபோதோ, யாருக்கும் சொல்லாத ஒன்றைப் பாத்திரத்திடம் சொல்வாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. 'இடுப்பு ஒடியுது, இதுல கதை கேக்கோணுமாம்.' அல்லது, 'சோத்துல உப்பில்லையாம், நாக்குல உப்பில்ல.' சொன்னதும் நெஞ்சு லேசாகும். மறுபடி வாசலுக்குப் போகத் தெம்பு வரும்.

இப்போது ரசத்தைத் தாளிக்கும்போது உதடு திறந்தது, அவளே மூடிக்கொண்டாள். சொல்லாத வாக்கியங்கள் தொண்டைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்துகொண்டன. சனிக்கிழமை தலைவலி ஆரம்பித்தது.

அதைவிடத் தொந்தரவான விஷயம் வேறொன்று. மனசாரக் கூப்பிட வேண்டுமென்றால் மழை தனக்கு வேண்டுமா என்று தெரிந்திருக்க வேண்டும். அவள் மாடிக்குப் போய், செடிகளுக்கு நடுவில் நின்று, நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். மழை வந்தால் மாடி வடிகாலில் சருகு அடைக்கும், அள்ளுவது அவள். பூஜை அறையில் ஒழுகும்; வாளி வைப்பது அவள். காற்றில் நிழல்வலை கிழியும், நனைந்து கனத்த பைகளை நகர்த்த வேண்டும், துணி காயாது. அதோடு, மழை பார்க்க என்று யாராவது வருவார்கள், பஜ்ஜி கேட்பார்கள்.

செடிகளாவது? அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று இருந்தது. ஆனால் வேண்டும் என்பது அதுதானா? அந்த மாடியில் எதையும் அவளாக வாங்கி வைக்கவில்லை. கற்பூரவல்லி நாத்தனார் ஒடித்துக் கொடுத்தது. கறிவேப்பிலை நாச்சிமுத்து கொண்டுவந்து வைத்தது. செம்பருத்தி யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போனது. எல்லாம் வந்து சேர்ந்தவை. வந்ததற்காகத் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டது எப்போது என்று யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்பதைப் போல, "மழை வேணும்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குரல் அழகாகத்தான் வந்தது. வாசல் குரல்.

தெருமுனையில் மேகம் சின்னதாக உறுமியது. நம்பவில்லை என்று சொல்வதாக அவளுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே எல்லா மாடிகளிலும் ஆட்கள். பெண்கள் பட்டுப்புடவையில் இருந்தார்கள். நாச்சிமுத்து புது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். இந்த முறை மேகம் பத்தடி; கீழே ஓரமாக, கை கூப்பியபடி, எறும்பளவுக்கு அவர். 'தங்கள் வருகையை எதிர்நோக்கும் அன்பு நெஞ்சங்கள்' என்று போட்டிருந்தது. மேகம் பிள்ளையார் கோவில் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. காற்று திரும்பப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"நேரமாச்சு, மேல போ," என்றார் தண்டபாணி, சிரித்த முகத்தோடு, கேமராவுக்குக் கேட்கும்படி.

சுலோச்சனா செம்பில் தண்ணீரும் தட்டில் குங்குமமும் எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். அழைப்பு மணி அடித்தது.

முப்பது வருஷப் பழக்கம். கால் தானாகத் திரும்பியது. தட்டை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். உடுமலையிலிருந்து நாத்தனார் ராசாமணி வந்திருந்தாள். கையில் கட்டைப் பை, நெற்றியில் வேர்வை, முழங்காலைப் பிடித்தபடி ஒரு நிற்பு. மாதக் கடைசி ஞாயிறு என்பதையே சுலோச்சனா மறந்துபோயிருந்தாள். தண்டபாணிக்கு அக்கா, கல்யாணமான நாளிலிருந்து மாதம் தவறாமல் வருகிறவள். வந்தால் இரண்டு நாள்.

வாங்கண்ணி வாங்க. அந்தச் சொற்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. சிரிப்பும் வந்துவிட்டது. ஆனால் தொண்டைக்குக் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்று அவற்றை முந்திக்கொண்டு எழுந்தது. சமையலறையில் வரவேண்டிய பேச்சு, அங்கே இடமில்லாமல், வாசலில் வந்துவிட்டது.

"இன்னைக்கு வேண்டாங்கண்ணி."

"என்ன வேண்டாங் கண்ணு?"

"நீங்க வர வேண்டாம். என்னால முடியலை." தன் குரலை அவள் கேட்டாள். வாசலில் அதை அவள் கேட்டதே இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, அழகில்லாமல் இருந்தது. "இன்னைக்குன்னு இல்லீங்க. எப்பவுமே முடியலை. நீங்க வர்றீங்கன்னா வெள்ளிக்கெழமையே எனக்குத் தலைவலி ஆரம்பிச்சிரும். நான் சிரிச்சுக்கிட்டே நிக்கறதால உங்களுக்குத் தெரியறதில்லை."

பின்னால் தண்டபாணி ஓடி வந்தார். "வெளையாட்டுக்குச் சொல்றாளுங்க," என்றார் கேமராவிடம். "அக்காவும் இவளும் இப்படித்தான். ரொம்பப் பிரியம்." எதிர் மாடியில் ஜெசிந்தா வாயில் கை வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். முடிந்தது, பொள்ளாச்சிக்குத்தான் என்று யாரோ சொல்வது கேட்டது.

ராசாமணி பையைக் கீழே வைத்தாள். சுலோச்சனாவின் முகத்தையே பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த முகத்தில் எதையோ தேடுகிறாள் போலிருந்தது.

"நெசமாத்தான் சொல்றயா?"

"நெசமாத்தானுங்கண்ணி."

ராசாமணி கேட்டின் மேல் சாய்ந்துகொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "அப்பாடா," என்றாள்.

சுலோச்சனாவுக்குப் புரியவில்லை.

"எனக்கு மட்டும் என்ன கண்ணு, வர்றதுக்கு ஆசையா? ரெண்டு பஸ் மாறோணும். இந்த முட்டியோட ஏறி எறங்கோணும். வந்தா, நீ ஓடி ஓடிப் பண்றதப் பாத்து உக்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. செரி, ஒரு மாசம் விட்டுப்போடலாம்னு இருந்தா போனப் போட்டு, 'ஏனுங்கண்ணி, எங்களை மறந்துட்டீங்களா'ன்னு ஒரு கொரல்ல கேப்பே பாரு. அந்தக் கொரலக் கேட்டுட்டு எவ வராம இருப்பா? எம் மருமககிட்டச் சொல்லிச் சொல்லி மூக்கச் சிந்துவேன். இந்தப் புள்ள என்னைய உடவே மாட்டீங்கறாளேன்னு."

"எங்க நின்னு சொல்லுவீங்க?"

"வேற எங்க, அடுப்படியிலதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை. சுலோச்சனா சிரிப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம், அவள் நினைத்தாள், இரண்டு பேர் ஒருவரையொருவர் கட்டாயப்படுத்தி, இரண்டு சமையலறைகளில் நின்று அழுதிருக்கிறோம். அது சிரிக்கிற விஷயமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

"செரி, வந்த வழியே போறேன்," என்று ராசாமணி பையை எடுக்கக் குனிந்தாள். அவள் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. கோலிக்குண்டு அளவுச் சொட்டு.

நிழல் இஸ்திரி வண்டியைத் தாண்டியிருந்தது. மேகம் உறுமவில்லை, பின்வாங்கவில்லை, இரண்டு தடவை வேண்டாம் என்று பிகு பண்ணவில்லை. சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி தெருவுக்குள் நேராக நடந்து வந்தது. மண் வாசனை முதலில் வந்தது, பிறகு காற்று, பிறகு ஒரே சமயத்தில் எல்லாம். இடியும் காற்றும் சேர்ந்து இறங்கியதில் நாச்சிமுத்துவின் ஃப்ளெக்ஸ் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கோ பறந்தது. ஆலங்கட்டி தகரக் கூரைகளில் கடலை வறுத்தது. மாடிகளில் இருந்தவர்கள் கத்துவதற்கும் ஆடுவதற்கும் நடுவில் எதையோ செய்தார்கள். பட்டுப்புடவைகளோடு பெண்கள் வெண்டைச் செடிகளுக்கு நடுவில் முகத்தை மேலே தூக்கி நின்றார்கள். ஜெசிந்தா தன் செத்த ஆந்தூரியத் தொட்டிகளை ஒவ்வொன்றாக நடு மாடிக்கு இழுத்து வைத்தாள், இனியாவது குடிக்கட்டும் என்று.

நாச்சிமுத்து தொப்பலாக நனைந்து சுலோச்சனாவின் கேட்டுக்கு ஓடி வந்தார்.

"அம்மணி, என்ன சொல்லிக் கூப்புட்டீங்க? எங்களுக்கும் சொல்லுங்க, அடுத்த வருஷத்துக்கு வேணும்."

"வர வேண்டாம்னு சொன்னேனுங்க."

"மேகத்துக்கிட்டயா?"

"எங்க அண்ணிகிட்ட. அடுப்படியில சொல்றத வாசல்லயே சொல்லிப்போட்டேனுங்க."

அவர் ராசாமணியைப் பார்த்தார். மேலே பார்த்தார். மழைத் தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து கொட்டியது. "எனக்கு அவினாசியில ஒரு பெரியம்மா இருக்கறாங்க," என்றார் யோசனையோடு. "போன் போட்டு வரச் சொல்லி, வந்ததும் வேண்டாம்னு சொல்லிப் பாக்கட்டுங்களா?"

"அவிங்களை வரச் சொல்றது மனசாரத்தானுங்களா?" என்றாள் ராசாமணி.

நாச்சிமுத்து அதற்குப் பதில் தேடிக்கொண்டே மழையில் திரும்பிப் போனார். பாதி வழியில் நின்று மறுபடியும் யோசிப்பது தெரிந்தது.

தண்டபாணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேமராவைப் பார்த்து எதையோ புகழ வாயைத் திறந்தார். எதைப் புகழ்வதென்று விளங்காமல் மூடிக்கொண்டு பூஜை அறைக்கு வாளி வைக்கப் போனார்.

மேலே எதுவோ பெரிய சத்தத்தோடு சரிந்தது. நிழல்வலையாகத்தான் இருக்கும். சுலோச்சனா நகரவில்லை. "பாதிச் செடி போயிருக்கும்," என்றாள் உரக்க, வாசலில் நின்று, மேகத்தின் முகத்துக்கு நேராக. "இப்படியா வந்து உழறது? கொஞ்சம் பாத்து வந்தா என்ன?"

மாடிகளில் இருந்த எல்லோரும் மேகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். மழை ஒரு கணம் குறைந்தது போலிருந்தது, குறையவில்லை. அதே கனத்தில், ஆனால் ஆலங்கட்டி இல்லாமல் பெய்தது.

இந்த மழையில் இனிப் பேருந்து கிடைக்காது. ராசாமணி பையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, வாசலுக்குள் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சுலோச்சனா எதிரில் இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விருந்தாளி இருக்கும்போது அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நாற்காலி இவ்வளவு தாழ்வா என்று நினைத்தாள்.

"காப்பி சாப்புடறீங்களாண்ணி?"

"வேண்டாங் கண்ணு."

சுலோச்சனாவின் உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்தது. அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் வேண்டாம் என்பது மட்டும்தான் இருந்தது.

"செரிங்கண்ணி," என்று மறுபடி உட்கார்ந்தாள்.

இருவரும் மழையைப் பார்த்தார்கள்.